கணினி அறிவியல் படிக்கும் நம் மாணவிகள் பாதியில் விலகாமல் இருக்க: இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்



எஸ்.பி.எம். முடித்து, மெட்ரிக்குலேஷன் அல்லது படிவம் 6 வழியாகப் பல்கலைக்கழகம் போகும் நம் மாணவிகளில் சிலர் கணினி அறிவியலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இடம் கிடைத்ததும் வாழ்த்துச் சொல்லிவிடுகிறோம். முதல் பருவம் முடிவதற்குள், “டீச்சர், எனக்கு இது செட் ஆகல, கோர்ஸ் மாத்தலாமான்னு பார்க்கிறேன்” என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? கணினி தெரியாத தமிழாசிரியர் இதில் என்ன சொல்ல முடியும் என்று தயங்க வேண்டாம். இந்தச் சிக்கலை ஏற்கெனவே நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஏன் விலகுகிறார்கள்?

அமெரிக்காவில் 1980களின் நடுவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் ஏறக்குறைய 37 விழுக்காட்டினர் பெண்கள். 2010 வாக்கில் அது 18 விழுக்காடாக இறங்கியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் இத்துறையில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 விழுக்காடுதான். அங்கே ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டார்கள். அவர்கள் கண்டவற்றில் மூன்று நமக்கு முக்கியம்.

1. அனுபவம் திறமைபோல் தெரிகிறது. பல பையன்கள் சிறு வயதிலிருந்தே வீட்டில் நிரல் எழுதிப் பழகி வந்தார்கள். பெண்கள் நல்ல மதிப்பெண்ணோடு வந்தாலும் அந்தப் பழக்கம் குறைவு. வகுப்பில் பையன் டக்கென்று பதில் சொன்னால், “அவனுக்கு மூளை இருக்கு, எனக்கு இல்ல” என்று பெண் நினைத்துக்கொள்கிறாள்.

2. நம்பிக்கை முதலில் போகிறது, ஆர்வம் பிறகு போகிறது. “எனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல” என்ற பேச்சுக்கு முன்னால் பல மாதத் தன்னம்பிக்கைச் சரிவு இருக்கும்.

3. பயன் தெரிய வேண்டும். மருத்துவம், கல்வி, கலை என்று எதற்காவது கணினியைப் பயன்படுத்தும் எண்ணத்தில்தான் பல பெண்கள் வருகிறார்கள். முதலாண்டுப் பாடத்தில் அது கண்ணில் படுவதே இல்லை.

எதைச் செய்தபோது மாறியது?

கார்னகி மெலன், மாணவர் சேர்க்கையில் நிரல் அனுபவத்துக்குக் கொடுத்த முக்கியத்துவத்தைக் குறைத்தது. அனுபவத்துக்கு ஏற்ப வெவ்வேறு தொடக்க வகுப்புகளையும் வைத்தது. 2000இல் பெண்கள் 42 விழுக்காடு.

கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியும், 2006இல் மரியா கிளாவே தலைவரான காலத்தில், இதே வழியில் போனது. ஜாவா மொழிக்குப் பதில் பைத்தான் வந்தது. முன் அனுபவம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் வந்தன. முதலாண்டு மாணவிகளைப் பெண் கணினியாளர் மாநாட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஏறக்குறைய 10 விழுக்காடாக இருந்த பெண்களின் பங்கு சில ஆண்டுகளில் 40ஐ எட்டியது.

நம் நாட்டில்?

மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணினிப் புலத்தை நார்வே ஆய்வாளர் விவியன் லாகெசன் ஆராய்ந்து 2008இல் எழுதினார். அங்கே மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கணினி வேலை உள்ளே உட்கார்ந்து செய்வது, பெண்களுக்கும் பொருத்தமானது என்றுதான் அந்த மாணவிகள் பார்த்தார்கள். ஆக, “இது ஆம்பளைங்க படிப்பு” என்பது இயற்கை விதி இல்லை, ஊருக்கு ஊர் மாறும் நினைப்பு.

ஆனால் அனுபவ இடைவெளி இங்கேயும் உண்டு. படிவம் 4, 5இல் கணினி அறிவியல் விருப்பப் பாடம். எல்லாப் பள்ளியிலும் அது கிடையாது. ஒரு வரி நிரல்கூட எழுதாமல் பல்கலைக்கழகம் போகும் பிள்ளையும் இருப்பாள்.

நாம் செய்யக்கூடியவை

போகும் முன்பே சொல்லிவையுங்கள்: “பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் அஞ்சு வருஷமா எழுதியிருப்பான்மா. அது பயிற்சி. உனக்கும் வரும்.” எஸ்.பி.எம்.முக்குப் பிந்திய மாதங்களில் இணையத்தில் இலவசமாகப் பைத்தான் பழகச் சொல்லலாம்.

செய்தி வந்தால் முதலில் மார்க்கைக் கேளுங்கள். தேறும் அளவுக்கு மதிப்பெண் இருந்தும் “முடியல” என்கிறாளா? அப்படியென்றால் தளர்ந்திருப்பது நம்பிக்கை. அடுத்து, சேர்ந்து படிக்க யாராவது இருக்கிறார்களா, விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தாளா என்று கேளுங்கள். ஒரு பருவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூத்த மாணவியோடு சேர்த்துவிடுங்கள். அதே துறையில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் முன்னாள் மாணவி ஒருத்தி, “எனக்கும் முதல் செமஸ்டர் அப்படித்தான் இருந்துச்சு” என்று சொன்னால், நாம் பத்துத் தடவை சொல்வதைவிட அது நன்றாக எடுபடும்.

தமிழ்ப் பாடத்திலேயே பயனைக் காட்டுங்கள். முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். கைப்பேசியில் நாம் தமிழ் தட்டுவதற்குப் பின்னால் கணினி அறிவியல் இருக்கிறது. கருத்து விளக்கக் கட்டுரைக்கு அருமையான தலைப்பு இது.

பெற்றோரிடமும் பேசுங்கள். “கஷ்டமா இருந்தா வேற படிம்மா” என்று அன்பில் சொல்லும் வார்த்தையே சில சமயம் கடைசித் தள்ளலாகிவிடும்.

இன்னொன்று: உண்மையிலேயே வேறு துறை பிடித்துப் போகிறவளைத் தடுக்க வேண்டாம். ஆனால் துறை மாறினால் ஓர் ஆண்டு போகலாம், பி.டி.பி.டி.என். கடனையும் மறுபடி பார்க்க வேண்டிவரும். அவ்வளவு பெரிய முடிவை, “எனக்கு மூளை இல்ல” என்ற தப்புக் கணக்கை வைத்து அவள் எடுத்துவிடக் கூடாது. அந்தக் கணக்கைத் திருத்த நமக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை, மாணவியைத் தெரிந்திருந்தால் போதும்.