சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014

சாலையோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் சாலையோர வியாபார ஒழுங்குமுறை) சட்டம் என்பது நடைபாதையிலும் தள்ளுவண்டியிலும் பொருள் விற்போரின் தொழிலைப் பாதுகாக்கவும் ஒழுங்குபடுத்தவும் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாகும். இது 2014 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கடை வாடகைக்கு எடுக்க வசதியில்லாத மிகச் சிறிய வணிகர்களுக்கு இதுவே முதன்மையான சட்டப் பாதுகாப்பாகும்.

பின்னணி

சாலையோர வியாபாரம் அரசியலமைப்பின் 19(1)(g) பிரிவின் கீழ் வரும் அடிப்படை உரிமை என்று 1989-இல் சோதான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் குறிப்பிட்ட ஓர் இடத்தின் மீது எவருக்கும் உரிமையில்லை என்றும் அதே தீர்ப்புக் கூறியது. தொழிலுக்கு உரிமை உண்டு, இடத்திற்கு இல்லை என்ற இவ்வேறுபாட்டை அறிந்தால்தான் 2014ஆம் ஆண்டுச் சட்டம் விளங்கும்.

தியாகராய நகரின் பாண்டி பஜார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இச்சட்டம் வருவதற்கு முன்பே, 2013-இல், அங்கிருந்த நடைபாதை வியாபாரிகள் மாநகராட்சி கட்டிய பல மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். தொழில் பறிக்கப்படவில்லை, இடம் மட்டுமே மாறியது. எனினும் மாடியேறி வந்து வாங்குவோர் குறைவு என்று அவர்கள் முறையிட்டனர். நடந்து செல்வோரின் கண்ணில் படுவதுதான் நடைபாதைக் கடையின் பாதி முதலீடு.

கணக்கெடுப்பும் சான்றிதழும்

நகர விற்பனைக் குழு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையேனும் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். இக்குழுவில் வியாபாரிகளின் சார்பாளர்கள் 40 விழுக்காட்டிற்குக் குறையாமலும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் அகற்றலாகாது. கணக்கெடுப்பில் பெயர் இடம்பெற்ற, 14 வயது நிறைவுற்றோருக்கு விற்பனைச் சான்றிதழ் உண்டு. அதன் நிபந்தனைகளின்படி தொழில் செய்பவரைக் காவல்துறையினர் உட்பட எவரும் தடுக்க இயலாது.

வழிவழியாக வாங்குவோரும் விற்போரும் கூடும் இடத்தைச் சட்டம் 'இயல்புச் சந்தை' என்ற பொருளில் தனியே குறிப்பிடுகின்றது. நவராத்திரிக் காலத்தில் கொலு பொம்மைக் கடைகள் நிறையும் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை நினைத்தால் இக்கருத்து எளிதில் புரியும். கணக்கெடுப்பில் அவ்வாறு கண்டறியப்பட்ட சந்தையை விற்பனை தடை செய்யப்பட்ட பகுதியாக அறிவிக்க முடியாது. நெரிசல் மட்டுமே அத்தகைய தடைக்குக் காரணமாகாது. ஆனால் நெரிசலான இடங்களில், கணக்கெடுப்பில் இடம்பெறாத புதியவர்களுக்குச் சான்றிதழ் வழங்குவதைக் கட்டுப்படுத்தலாம்.

அகற்றலும் பறிமுதலும்

இடத்தைக் காலி செய்ய 30 நாள் முன்னறிவிப்புத் தேவை. அதன் பின்னும் விலகாதவரின் பொருட்களைப் பறிமுதல் செய்யலாம். அவ்வாறு செய்யும்போது பொருட்களின் பட்டியல் தயாரித்து, அலுவலர் கையொப்பமிட்ட படியை வியாபாரியிடம் தர வேண்டும். வியாபாரி உரிமை கோரினால், கெட்டுப்போகாத பொருட்களை இரண்டு வேலை நாட்களுக்குள்ளும், காய்கறி, பழம், பூ போன்றவற்றை அன்றைய தினமே விடுவிக்க வேண்டும். இதற்கெனக் கட்டணம் வசூலிக்கப்படலாம். எவை எடுக்கப்பட்டன என்பதற்குப் பின்னாளில் சான்றாக நிற்பது இப்பட்டியலே என்பதால், அதைக் கேட்டுப் பெறாமல் இருப்பது பெரும் இழப்பில் முடியலாம்.

சான்றிதழை வாடகைக்கு விடவோ பிறருக்கு மாற்றவோ கூடாது. வியாபாரி இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ, அவருடைய வாழ்க்கைத் துணையோ சார்ந்து வாழும் பிள்ளையோ, சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் வரை, அதே இடத்தில் தொழிலைத் தொடரலாம்.