அரிசி மூட்டை ஏறும் சைக்கிள்

சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கமாகப் போய் நிற்கிறார்கள். ஹேண்டில்பார், கியர், ஷாக் அப்சர்பர் எல்லாம் அங்கேதான் கண்ணைப் பறிக்கின்றன. காலையில் வேலைக்கும் மாலையில் மளிகைக்கும் ஒரே சைக்கிள்தான் என்றால், நீங்கள் பின்பக்கம் போய்க் குனிந்து உட்காருங்கள். உங்கள் எடையில் பாதிக்கு மேலும், கேரியரில் வைக்கும் அரிசியும் பின்சக்கரத்தில்தான் இறங்கப் போகின்றன.

முதலில் ஸ்போக்ஸ் கம்பிகளைப் பாருங்கள். இவ்வளவு மெல்லிய கம்பி ஓர் ஆளை எப்படித் தாங்குகிறது? கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை நட்டமாக நிறுத்தினால் துவண்டு விழும். இழுத்துக் கட்டினால் நம்மையே தாங்கும். ரிம்முக்கும் நடுவில் இருக்கும் ஹப்புக்கும் இடையே கம்பிகளும் அப்படித்தான் விறைப்பாக இழுபட்டு நிற்கின்றன. கட்டிலில் ஒரு கயிறு தளர்ந்தால் அதன் சுமையும் பக்கத்துக் கயிற்றில் ஏறும், அதுவும் சீக்கிரம் நைந்துபோகும். சக்கரத்திலும் அதே கதை. பழைய கறுப்பு சைக்கிள்களில் வழக்கமாக முன்னால் 32 கம்பி, பின்னால் 40. சுமை எங்கே விழும் என்று செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே புதியதில் பின்னால் 36 இருந்தால் நல்லது, 32க்குக் குறைய வேண்டாம். புதுக் கம்பிகள் ஓட ஓடக் கொஞ்சம் தளரும். அதனால் முதல் மாதத்திலேயே ஒருமுறை கோட்டம் எடுத்துவிடுங்கள்.

பிறகு டயர். தலையில் குடம் வைப்பவர்கள் அடியில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்கள். டயருக்குள் இருக்கும் காற்றுதான் சைக்கிளின் சும்மாடு. ஒல்லி டயரில் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் இடிக்கும். நான்கு அங்குலத் தடி டயர் மணலுக்கு உதவும், தார்ச்சாலையில் அது வெறும் பாரம். 40 முதல் 50 மில்லிமீட்டர் அகலம் நம் தெருக்களுக்குச் சரி. சும்மாடு அமுங்கினால் குடம் மண்டையில் இடிக்குமல்லவா? காற்று குறைந்த டயரோடு பள்ளத்தில் இறங்கினால் ரிம் அதேபோல டியூபைக் கடித்துவிடும். பஞ்சர் ஒட்டுபவர் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகளைக் காட்டினால், பெரும்பாலும் முள்மேல் குற்றமில்லை, காற்றுதான் போதவில்லை.

டயர் சரியாக இருந்தால் ஷாக் அப்சர்பர் தேவையே இல்லை என்பது என் முடிவு. மெத்தைமேல் அம்மியை வைத்து அரைத்துப் பாருங்கள். நீங்கள் அழுத்துவதில் ஒரு பங்கை மெத்தை விழுங்கிவிடும். எழுந்து நின்று மிதிக்கும்போது மலிவான ஷாக் அப்சர்பரும் அப்படித்தான் விழுங்கும்.

அடுத்தது கியர். தொட்டியிலிருந்து தண்ணீர் மொள்கிறீர்கள். குடத்தால் மொண்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் தூக்கும்போது கை வலிக்கும். செம்பால் மொண்டால் லேசு, ஆனால் பலமுறை மொள்ள வேண்டும். கியர் என்பது இந்தப் பாத்திரத்தின் அளவுதான். கியர் இல்லாத சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய 2.4 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆகவே ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போவீர்கள். சமதரைக்கு இது அளவான பாத்திரம். மூட்டையோடு மேம்பாலம் ஏறும்போதோ அதுவே குடமாகக் கனக்கும். அங்கே முன்னும் பின்னும் 32 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்தான் நகர்வீர்கள், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது.

தஞ்சாவூர்போலத் தட்டையான ஊர் என்றால் கியரே வேண்டாம். முழுச் செயின் கவர் போடலாம், வேட்டியும் புடவையும் சிக்காது. தினமும் மேடு உண்டென்றால் பின்னால் மட்டும் ஏழெட்டுப் பல்சக்கரம் போதும். 21 கியர் என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு. அவற்றில் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே அளவுப் பாத்திரங்கள்.

பிரேக் என்பது இடுக்கி. ஈரமான எவர்சில்வர் பாத்திரம் இடுக்கியில் வழுக்குவதுபோல, மழையில் இரும்பு ரிம் ரப்பர் கட்டைக்கு வழுக்கும். அலுமினிய ரிம் கேளுங்கள்.

இனி கேரியர். சுவரில் அடித்த பலகையைவிடக் கால் வைத்த பலகைதான் பானையைத் தாங்கும். சீட்டுக் கம்பியில் மட்டும் மாட்டிய கேரியர் சுவர்ப் பலகை. அச்சு வரை கால் இறங்கும் இரும்புக் கேரியரே மளிகைக்கு ஏற்றது. பையை ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள். காவடிபோல இரு பக்கமும் சமமாக, தாழ்வாகக் கட்டுங்கள்.

பின்னால் மூட்டை இருக்கும்போது காலைத் தூக்கிப் போட முடியாது. ஆகவே நடுக்கம்பி தாழ்ந்த வண்டி வசதி. ஆனால் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது சைக்கிள் பழகிய பெண்களில் சிலர், குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே பார் வைத்த வண்டியை விரும்பினார்கள். உங்கள் வீட்டுச் சுமை எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைக்குப் போகும்போது பத்துக் கிலோ அரிசியைக் கையோடு கொண்டுபோங்கள். கேரியரில் கட்டி, ஸ்டாண்ட் போட்டு, கையை எடுத்துப் பாருங்கள். பிறகு தெருமுனை வரை ஓட்டுங்கள். ஹேண்டில் நடுங்கினால் அடுத்த வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்.