பழைய பொறியிலிருந்து புதிய பொறிக்கு

பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2015-ஆம் ஆண்டில் ‘சஹஸ்ர-டி’ என்னும் அதிவேகக் கணிப்பொறி நிறுவப்பெற்றது. 2022-இல் ‘பரம் பிரவேகா’ அங்கே பணிக்கு வந்தது. இதன் உச்ச வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3,300 இலட்சம் கோடி கணக்குகள்.

இத்தகைய புதுப் பொறி வந்தவுடன் பழைய வேலைகள் தாமாகவே அதில் நடந்துவிடுவதில்லை. ஒரு பொறிக்கென அமைந்த நிரலை மற்றொன்றுக்கு ஏற்றவாறு மீண்டும் தொகுக்க வேண்டும். கூட்டல்கள் நடைபெறும் வரிசை மாறினால், விடையின் கடைசித் தசம இலக்கங்களும் மாறக்கூடும். ஆகவே, விடை தெரிந்த கணக்கொன்றைப் புதிய பொறியிலும் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது முறை.

அலுவலக சர்வரை மாற்றுவோருக்கும் இது பொருந்தும். சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, கடிதக் கோப்புகள் ஆகியவற்றுள் எவை பழைய சர்வரை நம்பியுள்ளன என்பதை முதலில் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர்க் கோப்புகளைப் பிரதி எடுத்து, அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்களை இருபுறமும் ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். மாற்றத்தை விடுமுறை நாளில் நடத்துவது நலம். இடையில் தடை நேர்ந்தால் பழையதற்குத் திரும்பும் வழியையும் முன்னரே எழுதிவைத்தல் அவசியம்.

ஒரு மாதச் சம்பளப் பட்டியலேனும் புதிய சர்வரில் பிழையின்றி வரும்வரை பழையதை அழித்தலாகாது. பிரதியின்றி அழிந்த பணிப்பதிவேட்டை எவ்வளவு வேகமான பொறியாலும் மீட்டுத்தர இயலாது.