அலுமினியம் அறுக்கும் கைகளுக்கு

2009 இல் யுத்தம் முடிந்து ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்தில் வீடுகள் மீண்டும் எழுந்தன. முதிரையிலும் தேக்கிலும் யன்னல் செய்த எமது மண்ணில் அலுமினியச் சட்டங்கள் பெருகின. அந்தப் பொருத்துவேலைத் தளங்களில் இன்று பெண்களும் வேலை செய்கிறார்கள்.

எனது பணிப் பிரதேசத்தில் கணவனை இழந்த சகோதரி ஒருவர், தம்பியின் கடையில் றப்பர் பூட்டும் வேலையில் சேர்ந்து இப்போது வாளிலும் நிற்கிறார். "இரும்பு வெட்டுற தட்டாலதான் இதையும் வெட்டுறம் மிஸ். பயமாக் கிடக்கு" என்றார். இரண்டு பிள்ளைகளின் சாப்பாடு அந்தக் கைகளில் இருக்கிறது. அவரது பயம் நியாயமானது.

இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். அலுமினியம் 660 பாகையிலேயே உருகும், மென்மையானதும்கூட. இரும்பு வெட்டும் தட்டில் அதன் துகள்கள் அப்பிக்கொள்ளும். தட்டு வெட்டாமல் தேய்க்கும், சூடேறும், சிலவேளை உடைந்து சிதறும். மரவாளின் பெரிய பற்களோ மெல்லிய சட்டத்தைக் கௌவி இழுக்கும். கையில் பிடிக்கும் கிறைண்டரில் பல்வாளைப் பூட்டுவது மிகவும் ஆபத்தானது. அது துள்ளித் திரும்பினால் விரலோ முகமோ தப்பாது.

அலுமினியத்துக்கென்றே காபைட் பற்கள் கொண்ட வாள் உண்டு. 10 அங்குல வாளில் 80 முதல் 100 பற்கள் வரை இருக்கும். பற்கள் முன்னோக்கிச் சாயாதிருப்பது நல்லது. வாளில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தை விடக் குறைவாக இருக்கக்கூடாது.

வேலை முறை இதுதான்:

* சட்டத்தைக் கையால் பிடிக்காமல் கிளாம்பால் இறுக்குங்கள். மெல்லிய சட்டத்துக்கு மரத்துண்டு அணை கொடுங்கள்.
* இயந்திரம் நின்றிருக்கும்போது, பிளக்கைக் கழற்றிவிட்டு, வாளின் பற்களில் சிறிது மெழுகு பூசுங்கள். துகள் ஒட்டாது, வெட்டும் சுத்தமாக வரும்.
* வாள் முழு வேகம் எடுத்த பின்னரே மெதுவாக இறக்குங்கள். வெட்டி முடிந்ததும், வாள் முற்றாக நின்ற பின்னரே உயர்த்துங்கள்.
* வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்த்துப் பிசிரை எடுங்கள். அது கத்திபோல் வெட்டும்.

கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். பின்னலைக் கொண்டையாக முடியுங்கள். காப்பு, சங்கிலி, தளர்ந்த கையுறை எதுவும் சுழலும் வாளருகே வேண்டாம். துகளை வாயால் ஊதாமல் தூரிகையால் கூட்டுங்கள். இரும்பு தேய்க்கும் தீப்பொறி அலுமினியத் தூளில் விழுந்தால் தீப்பிடிக்கலாம். இரண்டு வேலைகளையும் ஒரே இடத்தில் செய்யாதீர்கள்.

சரியான வாள் விலை கூடியதுதான். ஆயினும் ஒரு விரலின் விலை அதனிலும் பெரிது. பெண்ணை வேலைக்கு எடுக்கும் முதலாளி அதையும் வாங்கித்தர வேண்டும். கேட்பதற்கு நாமும் தயங்கக்கூடாது. அலுமினியப் பொருத்துநர் தொழிலுக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் உண்டு. முறையாகப் பயின்று அதைப் பெற்றவருக்குப் பேரம் பேசும் பலமும் கூடும்.