கிரனாதாவின் உடன்படிக்கையும் கத்தோலிக்க அரசர்களும்

திருச்சபை வரலாற்றைக் கற்போர் 1492-ஆம் ஆண்டைக் கொலம்பசின் கடற்பயணத்தோடு இணைத்தே நினைவிற்கொள்வர். ஆயின் அவ்வாண்டு சனவரி 2-ஆம் நாள் இசுலாமியரின் கிரனாதா நகர் சரணடைந்ததும், மார்ச்சு 31-ஆம் நாள் யூதரை வெளியேற்றும் ஆணை பிறந்ததும் நாம் ஆழ்ந்து கருதத்தக்கன. காஸ்தீல் அரசி இசபெல்லாவும் அராகோன் அரசர் பெர்டினாந்தும் மணவுறவால் இணைந்தனரேயன்றி, அவர்தம் நாடுகளின் சட்டமும் நாணயமும் தனித்தனியாகவே நின்றன. இரு நாடுகளையும் பிணைக்கும் கயிறாக அவர்கள் சமய ஒருமையைக் கொண்டனர்.

இதற்குச் சமய விசாரணை மன்றம் பெருந்துணையாயிற்று. 1478-இல் போப்பு நான்காம் சிக்ஸ்துஸ், விசாரணையாளரை நியமிக்கும் உரிமையை அரசர்களுக்கே வழங்கினார். திருமுழுக்குப் பெற்ற யூத மரபினர் உள்ளத்தில் பழைய நெறியைப் பேணுகின்றனர் என்பதே குற்றச்சாட்டு. இம்மன்றத்தின் கடுமையைக் குறித்து 1482-இல் அதே போப்பு முறையிட்டபோது, பெர்டினாந்து இணங்கவில்லை; போப்பே பின்வாங்கினார். திருச்சபையின் பெயரால் இயங்கிய மன்றம் அரசின் கருவியாயிற்று என்பதை இதனால் அறிகிறோம்.

கிரனாதாவில் நிகழ்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. 1491-ஆம் ஆண்டு உடன்படிக்கை, இசுலாமியருக்குத் தங்கள் வழிபாடும் பள்ளிவாசல்களும் நீதிபதிகளும் நிலைத்திருக்கும் என உறுதியளித்தது. எவரையும் வலிந்து மதம் மாற்றலாகாது என்றும் கூறிற்று. அங்கு முதல் தலைமைப் பேராயராக அமர்ந்த எர்னாந்தோ தலவேரா இவ்வுறுதியை மதித்துப் பொறுமையோடு பணியாற்றினார். தாம் அரபு மொழியைக் கற்க முற்பட்டதோடு, தம் குருமாரையும் கற்கும்படி ஏவினார். பேத்ரோ தெ அல்கலா இயற்றிய அரபு இலக்கணமும் சொற்றொகுதியும் 1505-இல் அச்சேறியது அம்முயற்சியின் பயனே.

ஆயினும் பொறுமையின் பலன் அரசுக்கு மெதுவாகவே தோன்றிற்று. 1499-இல் தொலேதோவின் தலைமைப் பேராயர் சிஸ்நேரோஸ் அங்கு வந்து, மக்களுக்குக் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்கு அளித்தார். அரபு நூல்கள் தீக்கிரையாயின. மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியால் உடன்படிக்கை முறிந்தது என அரசு வாதிட்டது. 1502-இல், திருமுழுக்குப் பெறுக அல்லது நாட்டைவிட்டு நீங்குக என்னும் ஆணை காஸ்தீல் இசுலாமியருக்குப் பிறந்தது.

இது தூய சமயப் பற்றால் மட்டும் விளைந்ததா? அவ்வாறெனின், அராகோனிலும் வலென்சியாவிலும் பெர்டினாந்து இசுலாமியரை அவர்தம் நெறியிலேயே விட்டுவைத்தது ஏன்? அங்குள்ள நிலக்கிழார்கள் அவர்தம் உழைப்பை நம்பியிருந்தனர். வெளிநாட்டுக் கொள்கையிலும் இவ்விரட்டைநிலை விளங்குகிறது. எகிப்தின் சுல்தான் பழிவாங்குவார் என அஞ்சி, 1501-இல் பியேத்ரோ மார்த்தீரைக் கெய்ரோவுக்குத் தூதனுப்பி அவரை அமைதிப்படுத்தினர். மறுபுறம், போர்த்துக்கல் மன்னர் மனுவேல் அவர்தம் மகளை மணக்க விரும்பியபோது, யூதரை வெளியேற்றுதல் திருமணத்தின் நிபந்தனையாயிற்று. 1496-இல் மனுவேல் அவ்வாணையைப் பிறப்பித்தார். இத்தாலியில் பிரெஞ்சு மன்னரை எதிர்த்துப் போப்பின் பக்கம் நின்ற அவர்களுக்கு, அதே ஆண்டில் ஆறாம் அலெக்சாந்தர் ‘கத்தோலிக்க அரசர்கள்’ என்னும் பட்டத்தை அளித்தார்.

முடிவு யாது? யூத மரபில் வந்த தலவேரா தாமே விசாரணை மன்றத்தின் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, 1507-இல் மறைந்தார். வலிந்து திருமுழுக்குப் பெற்றோரின் வழித்தோன்றல்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நம்பப்படவில்லை. 1609 முதல் 1614 வரை அவருள் ஏறத்தாழ 3,00,000 பேர் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்குத் திருமுழுக்கு அளித்த திருச்சபை அவர்களைத் தன் மக்களாக ஏற்கவில்லை.

இதனை உரோமைச் சபையின் குற்றமென மட்டும் எண்ணி நாம் அமைதல் தகாது. ஆள்வோரின் சமயமே குடிகளின் சமயம் என்னும் விதியை 1555-இல் ஆக்ஸ்பர்க்கில் நம் முன்னோரும் ஏற்றனர். அரசின் துணையோடு விரைந்து வரும் அறுவடையைக் காணும்போதெல்லாம், மொழியைக் கற்றுக் காத்திருந்த தலவேராவை ஆயராகப் பணிபுரிவோர் நினைவுகூர்வது நலம்.