தேறிவரும்போதும் கண்காணிப்பு ஏன்?

மனச்சோர்வுக்கான மருந்து முழுப் பலன் தரப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். பலருக்கு உறக்கமும் உடல் சுறுசுறுப்பும் முதலில் திரும்பும். நம்பிக்கையின்மை மெதுவாகவே விலகும். செயல்படும் தெம்பு வந்தும் மனவலி நீங்காத இந்த இடைவெளியில் தற்கொலை ஆபத்து கூடலாம். 25 வயதுக்குட்பட்டோருக்கு மருந்தைத் தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் கூடுதல் கவனம் வேண்டும். திடீர்ப் பதற்றம், எரிச்சல், உறக்கமின்மை ஆகியவை தென்பட்டால், மருத்துவமனையில் நோயாளியைக் கவனிக்கும் செவிலியர் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்கிறார்.

கண்காணிப்பது எப்படி? முதலில், “வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா?” என்று செவிலியர் நோயாளியிடம் தனிமையில் நேரடியாகக் கேட்கிறார். இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. பேச வழி திறக்கிறது. வெறும் எண்ணமா, திட்டமும் உண்டா, முன்பு முயன்றதுண்டா என்பதைப் பொறுத்துக் கண்காணிப்பின் அளவு அமைகிறது: சிலரைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்தால் போதும், ஆபத்து மிகுந்தவருடன் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். ஆபத்தான பொருட்கள் அகற்றப்படுகின்றன. மாத்திரையை விழுங்கியது உறுதிசெய்யப்படுகிறது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களிலும் ஆபத்து அதிகம். அதனால் எச்சரிக்கை அறிகுறிகள், ஆறுதல் தரும் செயல்கள், அழைக்க வேண்டியவர்கள் அடங்கிய பாதுகாப்புத் திட்டம் நோயாளியுடன் சேர்ந்து எழுதப்படுகிறது. இந்தியாவில் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-உம் அதில் இடம்பெறலாம்.