கடலடியில் உறங்கும் நஞ்சு

டி.டி.ரி. என்ற பெயர் எமது நாட்டின் மூத்த தலைமுறையினருக்குப் புதியதன்று. 1940களின் பிற்பகுதியில் மலேரியாவை ஒழிப்பதற்காக வீடு வீடாகத் தெளிக்கப்பட்ட பூச்சிகொல்லி அது. பல்லாயிரம் உயிர்களைக் காத்த அந்த மருந்தைத் தயாரித்த தொழிற்சாலையொன்றின் கழிவு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கடலடியில் இன்றும் நஞ்சாகப் படிந்து கிடக்கின்றது.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அண்மையில் மொன்ட்றோஸ் இரசாயனக் கம்பனி 1947 முதல் 1982 வரை டி.டி.ரி.யை உற்பத்தி செய்தது. 1970களின் தொடக்கம் வரை அதன் கழிவுகள் பொதுக் கழிவுநீர்க் குழாய்களின் ஊடாகப் பாலோஸ் வேர்டிஸ் கரையோரக் கடலைச் சென்றடைந்தன. இவ்வாறு வெளியேறிய டி.டி.ரி. சுமார் 1,700 தொன் என அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் மதிப்பிட்டுள்ளது. கற்றலினா தீவை அண்டிய ஆழ்கடலிலும் கழிவுகள் கொட்டப்பட்டன.

பரந்த கடல் எதனையும் கரைத்துவிடும் என்பதே அன்றைய நம்பிக்கை. ஆனால் டி.டி.ரி. நீரில் கரைவதில்லை, கொழுப்பிலேயே கரைகின்றது. நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டு அது அடியில் சேறாகப் படிகின்றது. சூரிய ஒளி எட்டாத, ஒட்சிசன் குறைந்த, குளிர்ந்த அச்சேற்றில் அது சிதைவடையப் பல தசாப்தங்கள் செல்லும். சிதைந்து உருவாகும் டி.டி.ஈ.யும் எளிதில் அழிவதில்லை.

அந்நஞ்சு அங்கேயே அடங்கிக் கிடப்பதுமில்லை. சேற்றை உண்ணும் புழுக்களின் உடலில் அது சேர்கின்றது. புழுக்களை உண்ணும் மீன்களில் மேலும் செறிவடைகின்றது. மீன்களை உண்ணும் பறவைகளில் பன்மடங்காகின்றது. டி.டி.ஈ. பறவைகளின் முட்டையோட்டை மெலியச் செய்வதால், அடைகாக்கும் தாயின் பாரத்தையே தாங்காது முட்டைகள் நொறுங்கின. 1970ஆம் ஆண்டில் அனகாபா தீவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் அமைத்த 500இற்கும் அதிகமான கூடுகளில் ஒரேயொரு குஞ்சே தப்பியது.

அமெரிக்கா 1972இல் டி.டி.ரி. பாவனையைத் தடைசெய்தது. ஆயினும் தடையினால் பழைய நஞ்சு அகலவில்லை. அப்பகுதியில் அடிமண்ணில் இரைதேடும் ஒருவகை மீனை வர்த்தக நோக்கில் பிடிப்பதற்கு 1990இல் தடை விதிக்கப்பட்டது. உணவுக்காகத் தூண்டில் போடுவோருக்கு எச்சரிக்கைகள் இன்னமும் விடுக்கப்படுகின்றன. கழிவைக் கடலில் விட்டு இலாபமீட்டியோர் வேறு. உண்ணும் மீனை அஞ்ச வேண்டியவர்கள் வேறு.

சேற்றைத் தோண்டி அகற்றினால் நஞ்சு கலங்கி மீண்டும் நீரில் பரவக்கூடும். 2000ஆம் ஆண்டில் தூய மணலால் அதனை மூடும் பரிசோதனையும் நடத்தப்பட்டது. இயற்கையாகப் படியும் புதிய மண்ணும் நஞ்சை மெல்ல மூடி வருகின்றது. எனினும் மண்ணைத் துளைக்கும் உயிரினங்களும் புயலலைகளும் அதனைக் கிளறிவிடுகின்றன. வாயிலில் தடுத்திருந்தால் எளிதாக முடிந்திருக்கக்கூடிய காரியம், கடலடியில் பெருஞ்செலவிலும் முடியாத காரியமாகிவிட்டது.

இத்தகைய அழியா இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் சமவாயத்தில் இலங்கையும் ஒரு தரப்பாகும். எமது ஆறுகளும் களப்புகளும் தொழிற்சாலைக் கழிவுகளைச் சுமந்து கடலையே சேர்கின்றன. அக்கடலை நம்பியே எமது கரையோர மக்கள் வாழ்கின்றனர். ஆகவே, கழிவு கடலை அடையுமுன் அதனைப் பரிசோதித்துத் தடுக்கும் கடமையில் அதிகாரிகள் அசமந்தமாக இருத்தலாகாது. கண்ணுக்குத் தெரியாது மறைந்த கழிவு, மீனாக எமது உணவுத் தட்டுக்கே திரும்பி வரும்.